இலக்குச் சுடுதலுக்குக் கட்டுப்படியாகும் ரைஃபிள் விட்டம் எது? செலவும் சட்டமும் சொல்லும் கணக்கு

ஹைதராபாத்: 2003ஆம் ஆண்டு அக்டோபர் 26ஆம் தேதி ஹைதராபாத்தில் நடைபெற்ற ஆப்பிரிக்க-ஆசிய விளையாட்டுப் போட்டியில், 10 மீட்டர் ஏர் ரைஃபிள் பிரிவில் தங்கப் பதக்கம் வென்றார் அந்நகரில் வளர்ந்த ககன் நரங். சென்னையில் பிறந்தவரான அவர், 2012ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் அதே பிரிவில் 701.1 புள்ளிகள் பெற்று வெண்கலப் பதக்கத்தையும் கைப்பற்றினார். இரு முறையும் அவர் கையில் இருந்தது வெடிமருந்தே இல்லாத, காற்றழுத்தத்தால் இயங்கும், 4.5 மில்லி மீட்டர் விட்டமுள்ள துப்பாக்கி.

பிள்ளைகளைத் துப்பாக்கி சுடுதலில் சேர்க்க விரும்பும் பெற்றோரும், பொழுதுபோக்காக இலக்குச் சுடுதலைப் பழக நினைப்போரும் முதலில் கேட்பது துப்பாக்கியின் விலையை. ஆனால், துப்பாக்கியை ஒரு முறைதான் வாங்குகிறோம். தோட்டாவையோ ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் வாங்க வேண்டியிருக்கிறது. அந்தத் தோட்டாவின் விலையை முடிவு செய்வது துப்பாக்கிக் குழலின் விட்டம், அதாவது காலிபர். இந்தியாவில் அதைவிட முக்கியமான மற்றொன்றையும் விட்டமே முடிவு செய்கிறது. உரிமம் தேவையா, கிடைக்குமா, கிடைக்கவே கிடைக்காதா என்பதே அது.

விட்டம் என்பது எதைக் குறிக்கிறது?

குழலின் உட்புற அளவே விட்டம் எனப்படுகிறது. இது அங்குலத்திலோ மில்லி மீட்டரிலோ குறிக்கப்படும். ஓர் அங்குலம் 25.4 மி.மீ. என்பதால், .177 என்பது 4.5 மி.மீ. ஆகும். .22 என்பது ஏறத்தாழ 5.6 மி.மீ.; .315 என்பது 8 மி.மீ.

எனினும், விட்டம் மட்டுமே தோட்டாவின் திறனைச் சொல்லிவிடாது. அதன் பின்புறமுள்ள உறையின் நீளமும், அதில் நிரப்பப்படும் வெடிமருந்தின் அளவும் சேர்ந்தே வேகத்தையும் விசையையும் தீர்மானிக்கின்றன. போட்டிக்கான 4.5 மி.மீ. ஏர் ரைஃபிளிலிருந்து வெளியேறும் ஈயக் குண்டின் ஆற்றல் 8 ஜூலுக்கு உட்பட்டது. .22 ரிம்ஃபயர் தோட்டாவுக்கு இது ஏறத்தாழ 140 ஜூல். .315 தோட்டாவுக்கோ ஏறத்தாழ 3,000 ஜூல். இந்த இடைவெளி அளவுக்கே விலையிலும், ஆபத்திலும், சட்டத்தின் கெடுபிடியிலும் இடைவெளி உண்டு.

வேட்டைக்கு இடமில்லை

வெளிநாடுகளில் வெளியாகும் ரைஃபிள் கையேடுகள் பெரும்பாலும் இலக்குச் சுடுதலையும் வேட்டையையும் ஒருசேரப் பேசுபவை. முயலுக்கு இந்த விட்டம், மானுக்கு அந்த விட்டம் என்று அவை தரும் அறிவுரை இந்தியாவுக்குப் பொருந்தாது. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 9ஆவது பிரிவு, அட்டவணைகளில் இடம்பெற்ற வன உயிரினங்களை வேட்டையாடுவதைத் தடை செய்கிறது. கொல்வது மட்டுமல்ல, பிடிப்பது, பொறி வைப்பது, துரத்துவது, முட்டைகளையும் கூடுகளையும் சேதப்படுத்துவது, இவற்றுக்கு முயல்வது ஆகிய அனைத்துமே சட்டத்தின் பார்வையில் வேட்டைதான். முதல் அட்டவணையில் உள்ள உயிரினங்களைப் பொறுத்தவரை குறைந்தபட்சம் 3 ஆண்டுகள் முதல் 7 ஆண்டுகள் வரை சிறையும், 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமும் விதிக்கப்படலாம்.

இந்த மாற்றத்தின் சாட்சியாக ஹைதராபாத் நகருக்குள்ளேயே ஓர் இடம் இருக்கிறது. ஒரு காலத்தில் நிஜாம்களின் வேட்டைக் களமாக இருந்த வனஸ்தலிபுரம் பகுதியில்தான் இன்று மகாவீர் ஹரிண வனஸ்தலி தேசியப் பூங்கா அமைந்துள்ளது. அன்று வேட்டையாடப்பட்ட வெளிமான்கள் இன்று அங்கே பாதுகாக்கப்படுகின்றன.

சட்டத்தில் விதிவிலக்குகள் உண்டு. ஆனால் அவை பொழுதுபோக்குக்கானவை அல்ல. மனித உயிருக்கோ பயிர்கள் உள்ளிட்ட உடைமைக்கோ ஆபத்தான விலங்கைக் கொல்ல, 11ஆவது பிரிவின் கீழ் தலைமை வன உயிரினக் காப்பாளர் எழுத்துப்பூர்வமாக அனுமதி அளிக்கலாம். 62ஆவது பிரிவின் கீழ், குறிப்பிட்ட பகுதியில் குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு விலங்கினைத் தீங்குயிரி என மத்திய அரசு அறிவிக்கலாம். பீகாரில் நீலான்களும் காட்டுப்பன்றிகளும் இவ்வாறு அறிவிக்கப்பட்டதைத் தொடர்ந்து, 2016ஆம் ஆண்டு ஜூன் மாதம் மொகாமா பகுதியில் 200க்கும் மேற்பட்ட நீலான்கள் சுட்டுக் கொல்லப்பட்டன. அப்பணிக்கு அழைக்கப்பட்டவர்கள் ஹைதராபாத்தைச் சேர்ந்த துப்பாக்கி வல்லுநர்கள். அச்சம்பவம் மத்திய அமைச்சர்களான மேனகா காந்திக்கும் பிரகாஷ் ஜவடேகருக்கும் இடையே வெளிப்படையான கருத்து மோதலை ஏற்படுத்தியது.

பயிர்களை அழிக்கும் காட்டுப்பன்றிகளைச் சுடக் கேரளத்தில் 2022ஆம் ஆண்டு உள்ளாட்சித் தலைவர்களுக்கு அதிகாரம் அளிக்கப்பட்டது. தமிழ்நாட்டில் 2025ஆம் ஆண்டு தொடக்கத்தில் வெளியான அரசு நடைமுறையின்படி, காப்புக்காட்டு எல்லையிலிருந்து 3 கிலோ மீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளைச் சுடலாம். ஆனால் அதைச் செய்ய வேண்டியவர்கள் வனத்துறையினரே. வயலில் பன்றி புகுந்ததென்று விவசாயி தாமாகத் துப்பாக்கி எடுத்தால், அவரே குற்றவாளி ஆவார்.

4.5 மி.மீ. ஏர் ரைஃபிள்: நுழைவாயில்

ஆகவே, இந்தியாவில் எஞ்சி நிற்பது இலக்குச் சுடுதல் மட்டுமே. அதற்குக் குறைந்த செலவில் நுழைய வழி தருவது 4.5 மி.மீ. ஏர் ரைஃபிள். 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, விட்டம் 4.5 மி.மீ. அளவையும் ஆற்றல் 20 ஜூல் அளவையும் தாண்டாத காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. அடையாள ஆவணங்களை அளித்து, அனுமதி பெற்ற விற்பனையாளரிடம் இதனை வாங்கலாம். இவ்விரு வரம்புகளில் ஒன்றைத் தாண்டினாலும் உரிமம் கட்டாயம். இதனால் .22 விட்டமுள்ள காற்றுத் துப்பாக்கி, அதன் ஆற்றல் எவ்வளவு குறைவாக இருப்பினும், உரிமமின்றி வைத்திருக்கக் கூடியதன்று.

இதில் இரண்டு வகை உண்டு. சுருள்வில்லை அழுத்தி இயக்கும் எளிய வகை உள்நாட்டிலேயே தயாராகிறது. சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. உருளையில் முன்கூட்டியே அடைக்கப்பட்ட காற்றால் இயங்குவது இரண்டாவது வகை. அதிர்வு குறைவு என்பதால் போட்டிகளில் இதுவே பயன்படுகிறது. ஜெர்மனி, ஆஸ்திரியா போன்ற நாடுகளிலிருந்து வரும் போட்டித் துப்பாக்கிகளின் விலை லட்சங்களைத் தொடும். ககன் நரங்குக்குத் துப்பாக்கி வாங்குவதற்காக அவரது குடும்பம் நிலத்தை விற்றதாகப் பின்னாளில் பத்திரிகைகள் எழுதின. குறைந்த செலவு விளையாட்டு என்று கருதப்படும் ஏர் ரைஃபிளில்கூட, உச்சப் போட்டி நிலையை எட்டும்போது செலவு எங்கே போய் நிற்கும் என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

ஆனால், தொடக்க நிலையில் அத்தகைய துப்பாக்கி தேவையில்லை. 10 மீட்டர் தொலைவில் உள்ள இலக்கின் நடுப்புள்ளி, அதாவது 10 புள்ளி தரும் வட்டம், அரை மில்லி மீட்டர் விட்டமே உடையது. சுடப்படும் குண்டு அதைவிட 9 மடங்கு அகலமானது. இந்த அளவு நுணுக்கத்தை முதலில் தருவது துப்பாக்கியன்று. நிற்கும் நிலை, மூச்சுக் கட்டுப்பாடு, விசையை அழுத்தும் விரலின் நிதானம் ஆகியவையே. கடலூரில் பிறந்து, அகமதாபாத்தில் வளர்ந்து, 2019ஆம் ஆண்டு ரியோ டி ஜெனிரோ உலகக் கோப்பையில் தங்கம் வென்ற இளவேனில் வாலறிவனும் இதே 10 மீட்டர் பிரிவைச் சேர்ந்தவரே.

உரிமம் தேவையில்லை என்பதால் காற்றுத் துப்பாக்கியைப் பொம்மையாகக் கருதுவது தவறு. அதனால் கண் பறிபோகலாம். பறவைகளும் சிறு விலங்குகளும் இறக்கும். அருணாசலப் பிரதேசத்தில் காற்றுத் துப்பாக்கிகளால் பறவைகள் குறைந்ததை அடுத்து, அவற்றைத் தாமாக ஒப்படைக்கும் இயக்கத்தை அம்மாநில அரசு 2021ஆம் ஆண்டு மார்ச் மாதம் தொடங்கியது. 2,000க்கும் மேற்பட்ட துப்பாக்கிகள் ஒப்படைக்கப்பட்டன. உரிமம் வேண்டாத துப்பாக்கியால் காட்டுப் பறவையைச் சுட்டாலும், வன உயிரினச் சட்டத்தின்படி அது வேட்டையே.

.22 ரிம்ஃபயர்: இரண்டாம் படி

ஏர் ரைஃபிளில் தேர்ந்தவர்கள் அடுத்து நாடுவது 50 மீட்டர் பிரிவு. இதற்குப் பயன்படுவது 1887ஆம் ஆண்டு அமெரிக்காவில் அறிமுகமான .22 லாங் ரைஃபிள் தோட்டா. உறையின் விளிம்பில் வெடிபொருள் வைக்கப்பட்டிருப்பதால் இது ரிம்ஃபயர் எனப்படுகிறது. 2.6 கிராம் எடையுள்ள ஈயக் குண்டு, குறைந்த பின்னுதை, குறைந்த ஓசை ஆகியவற்றால், வெடிமருந்துத் தோட்டாக்களில் பயிற்சிக்கு மிக ஏற்றதாகவும் மலிவானதாகவும் உலகெங்கும் இதுவே கருதப்படுகிறது.

50 மீட்டர் இலக்கில் 10 புள்ளி வட்டத்தின் விட்டம் 10.4 மி.மீ. இங்கே காற்றின் திசையும் ஒரு போட்டியாளராகிவிடுகிறது. 2010ஆம் ஆண்டு மியூனிக் உலக சாம்பியன்ஷிப்பில் படுத்த நிலைப் பிரிவில் தங்கம் வென்ற தேஜஸ்வினி சாவந்தும், 2024ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் மூன்று நிலைப் பிரிவில் 451.4 புள்ளிகளுடன் வெண்கலம் வென்ற ஸ்வப்னில் குசாலேவும் இந்த விட்டத்தில் சாதித்தவர்களே.

செலவைப் பொறுத்தவரை .22 விட்டத்தில் மூன்று இடர்ப்பாடுகள் உள்ளன. முதலாவது, துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் உரிமம் தேவை. இரண்டாவது, போட்டித் தரமான தோட்டாக்கள் பெரும்பாலும் இறக்குமதியாகின்றன. மூன்றாவது, ஒரே நிறுவனத்தின் தோட்டாவாயினும் ஒரு தொகுப்புக்கும் மற்றொரு தொகுப்புக்கும் வேறுபாடு இருக்கும். எனவே, தம் குழலுக்குப் பொருந்தும் தொகுப்பைச் சோதித்துப் பார்த்தே வீரர்கள் மொத்தமாக வாங்குகின்றனர். பயன்படுத்திய ரிம்ஃபயர் உறையை மீண்டும் நிரப்பிப் பயன்படுத்தவும் வழியில்லை.

.315, .30-06: வலிமை உண்டு, வாய்ப்பு குறைவு

இந்தியாவில் தனிநபர் உரிமத்தில் அதிகம் காணப்படும் பெரிய விட்ட ரைஃபிள் .315. கொல்கத்தாவை அடுத்த ஈஷாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலையில் இது தயாராகிறது. இதன் தோட்டா, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆஸ்திரிய-ஹங்கேரியப் படைக்காக உருவாக்கப்பட்ட 8 மி.மீ. மான்லிக்கர் தோட்டாவின் வழிவந்தது. அங்கேயே தயாராகும் .30-06 ரைஃபிள் இதைவிட வலிமையானது. அதன் ஆற்றல் 3,800 ஜூல் அளவை எட்டும்.

உள்நாட்டுத் தயாரிப்பு என்பதால், துப்பாக்கியின் விலையை மட்டும் பார்த்தால் .315 கட்டுப்படியாகும் தேர்வாகத் தோன்றலாம். ஆனால் அதைக் கொண்டு எங்கே சுடுவது என்ற கேள்விக்கு விடை எளிதன்று. 10 மீட்டர், 50 மீட்டர் களங்களில் இதற்கு இடமில்லை. ஒலிம்பிக்கில் இதற்குரிய பிரிவும் இல்லை. பெரிய விட்ட ரைஃபிள்களுக்கான 300 மீட்டர் போட்டி உண்டெனினும், அதற்கேற்ற களங்கள் பெரும்பாலும் ராணுவம், காவல்துறை வசமே உள்ளன. வேட்டைக்கும் வழியில்லாத நிலையில், தற்காப்புக்காக உரிமம் பெற்றவர்களின் வீட்டில் பூட்டிவைக்கப்பட்டிருக்கும் துப்பாக்கியாகவே .315 பெரும்பாலும் நின்றுவிடுகிறது.

கிராமப்புறங்களில் பரவலாக உள்ள 12 போர் துப்பாக்கி ரைஃபிளே அன்று. வரியில்லாத வழவழப்பான குழலிலிருந்து சிறு ஈயக் குண்டுகளைச் சிதறவிடும் வகை அது. புதுக்கோட்டையைச் சேர்ந்த பிரித்விராஜ் தொண்டைமான் பங்கேற்கும் டிராப் பிரிவில், பறக்கும் களிமண் தட்டுகளைச் சுட இவ்வகைத் துப்பாக்கி பயன்படுகிறது. நிலைத்த இலக்கைத் துல்லியமாகச் சுட அது உதவாது.

.303 ஏன் கிடைப்பதில்லை?

.303 தோட்டாவின் ஆற்றல் .315 தோட்டாவின் ஆற்றலுக்கு ஏறத்தாழ நிகரானதே. எனினும் .315 ரைஃபிளுக்குத் தனிநபர் உரிமம் பெறலாம்; .303 ரைஃபிள் தடைக்குட்பட்ட பிரிவில் வைக்கப்பட்டுள்ளது. இந்த வேறுபாட்டின் வேர் ஆங்கிலேயர் ஆட்சியில் இருக்கிறது. படையினர் பயன்படுத்தும் தோட்டா மக்கள் கைக்குப் போனால் அது ஆட்சிக்கு எதிராகவே திரும்பும் என்று காலனி அரசு அஞ்சியது.

இதே அச்சத்தால் 1907ஆம் ஆண்டு .450 விட்டத் தோட்டாக்கள் இந்தியாவில் தடை செய்யப்பட்டன. புலியும் யானையும் வேட்டையாடிய வெள்ளையர்களுக்கு விற்றுவந்த லண்டன் துப்பாக்கி நிறுவனங்கள், உடனடியாக .465, .470, .475 எனச் சற்றே மாறுபட்ட விட்டங்களைச் சந்தைக்குக் கொண்டு வந்தன. வேட்டைத் துப்பாக்கியின் விட்டத்தை விலங்கின் உருவத்தைவிடச் சட்டத்தின் வாசகமே தீர்மானித்த காலம் அது. அதே ஆண்டில் சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைச் சுட்ட ஜிம் கார்பெட்டுக்குப் பாராட்டாக அளிக்கப்பட்டதோ, அளவில் சிறிய .275 ரிக்பி ரைஃபிள்.

அன்றைய தர்க்கம் இன்றும் தொடர்கிறது. வெளிநாடுகளில் மலிவானவை என்று பரிந்துரைக்கப்படும் .223, .308 ஆகியவை முறையே 5.56 மி.மீ., 7.62 மி.மீ. ராணுவத் தோட்டாக்களின் இணைகள். .30-06 தோட்டாவின் குண்டும் 7.62 மி.மீ. விட்டமுடையதுதான், ஆனால் அதன் உறை வேறு. சட்டம் கணக்கில் கொள்வது குண்டின் அகலத்தை மட்டுமன்று. எந்தத் தோட்டா என்பதையும்தான்.

செலவுக் கணக்கு

முறையாகப் பழகும் ஒருவர் நாளொன்றுக்கு 100 முறை சுடுவதாகவும், மாதம் 25 நாள் பயிற்சி செய்வதாகவும் கொண்டால், மாதத்துக்கு 2,500 முறை சுட வேண்டும். ஏர் ரைஃபிளில் இது 500 குண்டுகள் கொண்ட 5 டப்பாக்கள். .22 விட்டத்தில், 50 தோட்டாக்கள் கொண்ட 50 பெட்டிகள். ஒரு தோட்டாவின் விலை ஒரு குண்டின் விலையைப் போலப் பல மடங்கு என்பதால், துப்பாக்கியின் விலையை ஓராண்டுத் தோட்டாச் செலவு மிஞ்சிவிடக் கூடும். .315 விட்டத்தில் இத்தகைய பயிற்சியைக் கற்பனை செய்யவும் இயலாது. தனிநபர் ஓராண்டில் வாங்கக்கூடிய தோட்டாக்களின் எண்ணிக்கைக்கே உரிமத்தில் வரம்பு உண்டு.

இத்துடன் களக் கட்டணம், பயிற்சியாளர் கட்டணம், விறைப்பான பயிற்சி மேலாடை, காலணி, கையுறை ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

உரிமம் பெறுவது எப்படி?

1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி, உரிமம் கோருபவர் 21 வயது நிறைந்தவராக இருக்க வேண்டும். பயிற்சி பெறும் இளம் வீரர்களுக்குத் தனி விதிகள் உள்ளன. ஹைதராபாத், சென்னை போன்ற மாநகரங்களில் காவல் ஆணையரிடமும், தமிழ்நாட்டின் மாவட்டங்களில் ஆட்சியரிடமும் விண்ணப்பிக்க வேண்டும். காவல்துறை விசாரணைக்குப் பின்னரே முடிவெடுக்கப்படும். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, ஒருவர் வைத்திருக்கக் கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைக்கப்பட்டது. உரிமத்தின் காலம் 3 ஆண்டுகளிலிருந்து 5 ஆண்டுகளாக நீட்டிக்கப்பட்டது. விளையாட்டு வீரர்களுக்குக் கூடுதல் சலுகைகள் உண்டு.

உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருந்தால் 2 ஆண்டுகள் முதல் 5 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை விதிக்கப்படலாம். தடைக்குட்பட்ட பிரிவு எனில் அது 7 ஆண்டுகள் முதல் 14 ஆண்டுகள் வரை நீளும். ஆகவே, விட்டத்தைத் தவறாகப் புரிந்துகொண்டு வாங்குவதால் நேரும் இழப்பு பணத்தோடு முடிவதில்லை.

எதைத் தேர்ந்தெடுப்பது?

இலக்குச் சுடுதலைப் புதிதாகத் தொடங்குவோருக்கு 4.5 மி.மீ. ஏர் ரைஃபிளே கட்டுப்படியாகும் தேர்வு. உரிமம் தேவையில்லை, குண்டின் விலை குறைவு, 10 மீட்டர் களங்கள் பல நகரங்களில் உள்ளன. ஒலிம்பிக் வரை செல்லும் பாதையும் இதில் உண்டு. மாவட்ட, மாநிலப் போட்டிகளில் தகுதி மதிப்பெண்ணை எட்டிய பின், .22 விட்டத்துக்கு மாறுவது பற்றி யோசிக்கலாம். .315, .30-06 ஆகியவை பயிற்சிக்கும் போட்டிக்கும் உகந்தவை அல்ல.

எந்த விட்டமாயினும், வாங்குவதற்கு முன் 1951ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இந்திய தேசிய ரைஃபிள் சங்கத்துடன் இணைந்த மாநிலச் சங்கத்தையோ உள்ளூர்ச் சுடுகளத்தையோ அணுகுவது நல்லது. ஹைதராபாத்தில் கச்சிபௌலி பகுதியில் சுடுகளம் உள்ளது. சங்கங்களுக்குச் சொந்தமான துப்பாக்கிகளைக் களத்திலேயே, பயிற்சியாளர் மேற்பார்வையில் சில மாதங்கள் பயன்படுத்திப் பார்க்கலாம். தோளுக்கு எது பொருந்துகிறது, மாதச் செலவு எவ்வளவு ஆகிறது, ஆர்வம் நிலைக்கிறதா என்ற மூன்று கேள்விகளுக்கும் அதற்குள் விடை கிடைத்துவிடும். துப்பாக்கியை அதன் பிறகு வாங்கினாலும் தாமதமாகிவிடாது.